ஸ்டான்லி கோப்பை கல்லூரிக்கு வரும் நாள்: எப்படி நடக்கிறது, என்ன ஏற்பாடு வேண்டும்

கேள்வி: நான் அமெரிக்காவில் முதுகலை படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணியில் ஆடிவிட்டு, வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல் போன ஒருவர், அந்த லீக்கை வெல்லும் அணிக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பையை ஆகஸ்டில் வளாகத்துக்குக் கொண்டுவருகிறாராம். தன்னார்வலராகப் பெயர் கொடுத்திருக்கிறேன். வருவது அசல் கோப்பைதானா? அவ்வளவு பெரிய கோப்பையைத் தனி ஆட்டக்காரர் ஒருவரிடம் எப்படிக் கொடுக்கிறார்கள்? அன்று எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று கோப்பையை அழைத்து வருவது லீக் அல்ல, உங்கள் பல்கலைக்கழகமும் அல்ல. அந்த ஆட்டக்காரருக்குக் கோப்பையோடு கிடைப்பது ஒரே ஒரு நாள். அதிலிருந்து சில மணி நேரத்தை எடுத்துத் தான் படித்த இடத்துக்குக் கொடுக்கிறார். நேரம் ஏன் இவ்வளவு குறைவு, அறிவிப்பு ஏன் கடைசி வாரத்தில் வருகிறது, உங்கள் துறைத் தலைவர் கேட்டாலும் கூட்டித்தர முடியாதென்று ஏன் சொல்கிறார்கள் என்பதெல்லாம் இதிலிருந்தே விளங்கும்.

அமெரிக்கக் கால்பந்தின் லொம்பார்டி கோப்பையும் கூடைப்பந்தின் என்பிஏ கோப்பையும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுகின்றன. வென்ற அணி அதைத் தன் அலமாரியிலேயே வைத்துக்கொள்ளும். ஸ்டான்லி கோப்பை அப்படியல்ல. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892இல் 10 கினி (பழைய பிரிட்டிஷ் பணம்) விலையில் லண்டனில் வாங்க ஏற்பாடு செய்த வெள்ளிக் கிண்ணத்தில் தொடங்கியது அது. 1893இல் மான்ட்ரியல் அணிக்கு முதலில் போனது; அன்றிலிருந்து கை மாறிக்கொண்டே இருக்கிறது. வென்ற அணியில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் என்ற வழக்கம் முறையாகத் தொடங்கியது 1995இல், நியூ ஜெர்சி டெவில்ஸ் வென்றபோது. அதற்கு முந்தைய கோடையில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர்கள் கோப்பையை ஊர் முழுக்கக் கொண்டாடித் தீர்த்ததில் அதற்குச் சேதம் ஆனது. அதன் பிறகுதான் டொராண்டோவில் உள்ள ஹாக்கி அருங்காட்சியகமான ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமின் ஆள் ஒருவராவது எப்போதும் கூடவே போக வேண்டும் என்ற கட்டுப்பாடு இறுகியது. கோப்பைக் காவலர்கள் என்று இவர்களைச் சொல்வார்கள். வெள்ளைக் கையுறையோடு தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய ஃபிலிப் பிரிட்சர்ட் இவர்களில் மூத்தவர்.

1995இல் டெவில்ஸ் அணியை நடத்தியவர் லூ லாமொரியெல்லோ. பிராவிடன்ஸ் கல்லூரியில் ஆடி, பிறகு அங்கேயே பயிற்சியாளராகவும் விளையாட்டுத் துறை இயக்குநராகவும் இருந்து, அங்கிருந்து நேரே என்எச்எல்லுக்கு வந்தவர். ஆக, முதல்முறை அந்த ஒரு நாள் கிடைத்த அணியே ஒரு கல்லூரி மனிதர் கட்டிய அணி.

அதற்கு முந்தைய தலைமுறைக்கு இந்த நாள் கிடைக்கவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கோல்கீப்பர் கென் டிரைடன் மான்ட்ரியல் அணிக்காக 1971, 1973, பிறகு 1976 முதல் 1979 வரை வரிசையாக நான்கு என்று ஆறு கோப்பைகள் வென்றார். மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ரெட் பெரென்சன் 1962இல் கல்லூரி ஆட்டம் முடிந்த கையோடு என்எச்எல் களத்தில் இறங்கினார். 1965இல் கோப்பை வென்றார். பின்னாளில் அதே மிஷிகனுக்குத் திரும்பி 1984 முதல் 2017 வரை பயிற்சியாளராக இருந்தார். அந்தக் காலத்தில் கல்லூரி ஆட்டக்காரர் என்றாலே என்எச்எல் ஆட்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். இன்று என்எச்எல்லில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்து வருகிறார்.

இனி அசலா என்ற கேள்விக்கு வருகிறேன். ஸ்டான்லி கோப்பை என்ற பெயரில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. ஸ்டான்லி பிரபு கொடுத்த மூலக் கிண்ணம் வெள்ளி தேய்ந்து நொய்ந்துபோனதால் 1970 வாக்கில் ஓய்வு பெற்றுவிட்டது. டொராண்டோ ஹாலில், பழைய வங்கிக் கட்டடத்தின் பெட்டக அறையில் இருக்கிறது, வெளியே வராது. இரண்டாவது, வென்ற அணி பனித்தளத்தில் தலைக்கு மேல் தூக்குவது. மூன்றாவது, 1993இல் செய்த நகல். இரண்டாவது ஊர் சுற்றும் நாட்களில் ஹாலில் அதன் இடத்தில் நிற்பதற்காக. நம் கோயில் கணக்கில் சொன்னால் முதலாவது மூலவர், இரண்டாவது உற்சவர். உங்கள் வளாகத்துக்கு வருவது உற்சவர். ஆட்டக்காரர்கள் வியர்வையோடு கட்டிப்பிடித்து அழுத அதே கோப்பை. எனவே ஹாக்கி மனிதர்கள் கணக்கில் அசல் அதுதான்.

அருகில் போனால் வெறுமனே படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள், படியுங்கள். அடிப்பகுதியில் ஐந்து அகலமான பட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 13 பருவங்கள். ஐந்தும் நிறைந்ததும் மேலே உள்ள பழைய பட்டையைக் கழற்றி ஹாலில் வைத்துவிட்டு, கீழே புதுப் பட்டை ஒன்றைச் சேர்ப்பார்கள். 2018இல் அப்படித்தான் 1954 முதல் 1965 வரையிலான பட்டை போனது. பெரென்சனின் 1965 அதோடு போய்விட்டது. டிரைடனைத் தேடினால் முதல் பட்டையில் ஐந்து முறையும், 1979க்காக இரண்டாம் பட்டையில் ஒரு முறையும் கிடைப்பார். முதல் பட்டையிலேயே 1972க்கான வரியைப் பாருங்கள்: பாஸ்டன் என்ற பெயரில் ஓ வர வேண்டிய இரண்டு இடத்திலும் கியூ பொறித்திருக்கிறது. இரண்டாம் பட்டையில் 1981 ஐலாண்டர்ஸ் பெயரில் முதல் எஸ் விட்டுப்போயிருக்கிறது. அதே பட்டையில் 1984 எட்மன்டன் அணிப் பெயர்களுக்கு நடுவே வரிசையாக எக்ஸ் எழுத்துகள் இருக்கும். அணி உரிமையாளர் தன் தந்தையின் பெயரைச் சேர்த்துவிட, லீக் அதை அடிக்கச் சொன்ன தடம் அது. நகலில் இந்த எக்ஸ் வரிசை இல்லை. அசலா என்று யாராவது கேட்டால் இதையே காட்டலாம்.

உங்கள் ஆட்டக்காரரின் பெயர் மட்டும் பெரும்பாலும் அன்று அதில் இருக்காது. பலர் ஏமாந்துபோகும் இடம் இது. பெயர் பொறிக்கும் வேலை மான்ட்ரியலில், கோடைச் சுற்றுப்பயணம் முடிந்த பிறகே வழக்கமாக நடக்கும். ஓர் அணிக்கு 52 பெயர்கள் வரை இடம் உண்டு. ஆட்டக்காரர் பருவத்தில் 41 ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும், அல்லது இறுதித் தொடரில் ஓர் ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். விதிவிலக்குக்கு அணி லீக்கிடம் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே முன்பொரு முறை வென்றவர் என்றால் பழைய பெயரைத் தேடி வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு விரல்காட்டுங்கள். கோப்பைக்கு முன்னால் சும்மா நிற்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. இன்று பொறிக்கப்படும் பெயர்கள் கடைசிப் பட்டையில் ஏறுகின்றன. இதே முறை தொடர்ந்தால் அவை 2082 வரை கோப்பையிலேயே சுற்றிவரும்.

இனி, கல்லூரிக்கு ஏன் இது அரிதாகவே கிடைக்கிறது என்று பார்ப்போம். பருவம் ஜூன் நடுவிலோ கடைசியிலோ முடிகிறது. செப்டம்பர் நடுவில் அடுத்த பயிற்சி முகாம். இடையில் உள்ள ஜூலை, ஆகஸ்டுக்குள் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், நிர்வாகிகள் என எல்லோர் ஊருக்கும் கோப்பை போய்வர வேண்டும். ஒரு நாள் என்றால் காலையில் கைக்கு வந்து நள்ளிரவோடு திரும்புவது. அதில் பெற்றோர், பிறந்த ஊர், சிறு வயதில் ஆடிய ரிங்க் (பனித்தள அரங்கம்), குழந்தைகள் மருத்துவமனை, இரவு விருந்து என்று வரிசை நிற்கும். பாஸ்டன் கல்லூரியில் படித்த பிரையன் டுமொலின், பிட்ஸ்பர்க் அணியோடு வென்ற கோப்பையை மெய்ன் மாநிலத்தின் பிடஃபோர்டுக்கு, தன் ஊருக்குக் கொண்டுபோனார். பெமிட்ஜி ஸ்டேட்டில் ஆடிய ஸாக் ஒயிட்கிளவுட் 2023இல் வேகஸ் அணியோடு வென்று, மானிட்டோபாவில் உள்ள சூ வேலி டகோட்டா மக்களிடம் கொண்டுபோனார். அந்த மக்களிலிருந்து கோப்பை வென்ற முதல் ஆள் அவர். அந்த நாள் அவர்களுக்குத்தான் சேர வேண்டும். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்கிலிருந்து வந்த நிகோ ஸ்டர்ம் படித்த கிளார்க்சன், நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், பாட்ஸ்டமில் இருக்கிறது. ஊருக்கும் கல்லூரிக்கும் நடுவில் ஒரு கடலே இருந்தால் அந்த ஒரு நாளில் இரண்டுக்கும் போக முடியாது.

இன்னொரு காரணம், கல்லூரியில் எத்தனை ஆண்டு இருந்தார் என்பது. ஜாக் ஐகல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரே பருவம் ஆடினார். ஜொனதன் டேவ்ஸ் நார்த் டகோட்டாவிலும், கேல் மக்கார் மாசசூசெட்ஸிலும் இரண்டு பருவங்கள். யாரும் தேர்ந்தெடுக்காமல் விட்டு, நான்கு ஆண்டும் கல்லூரியிலேயே கிடந்து முன்னுக்கு வந்தவர்களின் பிணைப்பு வேறு மாதிரியானது. ஃபெர்ரிஸ் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்த கிறிஸ் குனிட்ஸை என்எச்எல் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வரைவில் எந்த அணியும் எடுக்கவில்லை. அவர் நான்கு கோப்பைகள் வென்றார். வெர்மான்ட் பல்கலைக்கழகம் என்சிஏஏ பட்டம், அதாவது கல்லூரி அணிகளுக்கான தேசியப் பட்டம், ஒருமுறைகூட வென்றதில்லை. ஆனால் 1993 முதல் 1997 வரை அங்கே சேர்ந்து ஆடிய இருவரில் மார்ட்டின் சான் லூயி 2004இல் டாம்பாவோடும், டிம் தாமஸ் 2011இல் பாஸ்டனோடும் கோப்பை வென்றார்கள். அங்கிருந்தே வந்த பாட்ரிக் ஷார்ப் சிகாகோவோடு மூன்று முறை வென்றார். 2021 இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் விழுந்த ஒரே கோலை அடித்த ராஸ் கோல்டனும் வெர்மான்ட்காரர். சொந்தமாகப் பட்டம் இல்லாத இப்படிப்பட்ட கல்லூரிகளுக்கு, பழைய மாணவர் கையோடு வரும் கோப்பை எத்தனை பெரிய விஷயம் என்பதை அன்று வரும் கூட்டத்தின் முகத்தில் பார்க்கலாம்.

ஒரே அணியில் பல கல்லூரிக்காரர்கள் இருப்பதும் உண்டு. 2022இல் வென்ற கொலராடோவில் எட்டுக் கல்லூரிகளிலிருந்து பத்துப் பேர். அதில் மிஷிகன் மட்டுமே மூன்று: காம்ஃபர், கோக்லியானோ, ஜாக் ஜான்சன். இப்படி இருக்கும்போது ஒருவர் நாளின் பிற்பகலையும் மற்றவர் நாளின் காலையையும் அடுத்தடுத்து வைத்துக் கல்லூரிக்கு நேரம் ஒதுக்கக் கேட்கலாம். 2025 ஆகஸ்டிலிருந்து கனடாவின் முதன்மை ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களும் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடலாம் என்று விதி மாறிவிட்டது. இனிக் கோப்பை வெல்லும் பழைய மாணவர்கள் கூடத்தான் செய்வார்கள்.

கேட்கும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. பிளேஆஃப், அதாவது பருவக் கடைசியில் கோப்பைக்கான சுற்றுகள், நடக்கும்போது வாயே திறக்கக் கூடாது. வெல்வதற்கு முன் கோப்பையைப் பற்றிப் பேசுவதை ஆட்டக்காரர்கள் அபசகுனமாக நினைப்பார்கள். வென்ற முதல் வாரத்தில், அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒருவர் மட்டும் பேச வேண்டும். ஐந்து பேர் ஐந்து பக்கம் அழைத்தால் மறுப்பது எளிதாகிவிடும். "இரண்டு மணி நேரம், இந்த இடம், நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்" என்று எழுதியே கொடுத்துவிடுவது நல்லது. நன்கொடையாளர் விருந்தைப் பின்னால் நைசாக நுழைப்பதுதான் நான் அறிந்ததிலேயே மோசமான பழக்கம். அவருடைய நாளைப் பணம் திரட்ட எடுத்துக்கொள்வதென்றால் முன்பே கேட்டு, அவர் மனமார ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நாளை முடிவு செய்வது அவருடைய அணியும் ஹாலும் சேர்ந்து போடும் பயண அட்டவணை. அது வரும் வரை சுவரொட்டி அச்சடிக்காதீர்கள். ஸ்டான்லி கோப்பையின் பெயரும் உருவமும் லீக்கின் வணிக முத்திரை. சட்டை, பதாகை, ஆதரவாளர் சின்னம் எதில் அதைப் போடுவதானாலும் எழுத்து அனுமதி வேண்டும். பேனரில் உள்ளூர்க் கார் விற்பனையாளர் பெயரையும் கோப்பையையும் சேர்த்துப் போட்டால், அன்று காலையில் அதைக் கழற்றும் வேலை உங்களைப் போன்ற தன்னார்வலர் தலையில் விழும்.

அன்றைய வேலையில் பாதி, வரிசை. கணக்கை முதலில் போடுங்கள். பொதுமக்களுக்கு இரண்டு மணி நேரம் என்றால் 7,200 விநாடி. ஒரு குழு வந்து நின்று, படம் எடுத்து, நகர 12 விநாடி பிடித்தால் 600 குழுக்கள். நால்வர் நால்வராக வந்தால் 2,400 பேர். தனித்தனியாக வந்தால் 600 பேர்தான். ஒவ்வொருவரும் தன் கைபேசியை நீட்டினால் 12 விநாடி 25 ஆகும். கொள்ளளவு பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே ஒரே புகைப்படக்காரர், ஒரே கேமரா. படங்களைப் பிறகு இணையத்தில் எடுத்துக்கொள்ள முகவரி அச்சடித்த சீட்டு ஒன்றைக் கையில் கொடுங்கள். வரிசையில் கையொப்பம் வேண்டாம். ஒரு கையொப்பம் அரை நிமிடம்; நூறு பேர் கேட்டாலே 50 நிமிடம் போய்விடும். ஆட்டக்காரர் முந்தைய இரவே அட்டைகளில் கையொப்பமிட்டுக் கொடுத்தால் வெளியேறும் வாசலில் விநியோகிக்கலாம்.

எத்தனை குழு கொள்ளுமோ அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மட்டும் கைப்பட்டை கொடுங்கள்; கொடுத்து முடிந்ததும் அங்கேயே சொல்லிவிடுங்கள். மூன்று மணி நேரம் வெயிலில் நின்ற குழந்தையிடம் நேரம் முடிந்தது என்று சொல்லும்படி வைத்துக்கொள்ளக் கூடாது. வெறுமனே பார்க்க வருகிறவர்களுக்கு மூன்று மீட்டர் தள்ளி ஒரு நடைபாதை விட்டால், கைப்பட்டை கிடைக்காதவர்களும் கோப்பையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் தனி வழி. உள்ளே வரும் வாசலும் வெளியே போகும் வாசலும் வேறு வேறாக இருக்கட்டும். ஒரே வாசல் என்றால் படம் எடுத்தவர்கள் திரும்பி நின்று இன்னொரு படம் எடுப்பார்கள், வரிசை உறைந்துவிடும். மாணவர்கள் ஆகஸ்டில் ஊரில் இருக்க மாட்டார்கள், கூட்டம் குறைவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வருகிறவர்கள் ஊர்க்காரர்கள், பழைய மாணவர்கள், சுற்றுவட்டாரத்துச் சிறுவர் ஹாக்கி அணிகள்.

மேசை. கோப்பையின் உயரம் 89.5 செ.மீ., எடை ஏறத்தாழ 15.6 கிலோ. மடக்கு மேசையும் சக்கரம் வைத்த மேசையும் கூடவே கூடாது. ஆட்கள் சாய்வார்கள், குழந்தைகள் தொங்குவார்கள். 75 செ.மீ. உயர மேசை என்றால் கிண்ணத்தின் விளிம்பு 165 செ.மீ. அருகே வரும், பெரியவர்கள் முகத்துக்கு அது சரியான மட்டம். குழந்தைகளுக்கு மேசை முன்னால் அகலமான, ஆடாத ஒரு படி போடுங்கள். மேசைமேல் துணி விரித்தால் இழுபடாதபடி அடியில் ஒட்டிவிடுங்கள். துணி நழுவினால் அதன்மேல் நிற்பதும் நழுவும்.

வெளிச்சத்தில்தான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன. வளைந்த வெள்ளி எதிரே உள்ள எல்லாவற்றையும் காட்டும். கேமராவின் ஃபிளாஷ் நேராக அடித்தால் நடுவில் வெள்ளைப் பொட்டு. பட்டைகளின் எழுத்து ஒன்றும் தெரியாது. இரு பக்கமும் சாய்வாக, துணி மூடிய விளக்கு வைத்து, பின்னால் பளபளப்பில்லாத கறுப்போ கல்லூரி நிறமோ கொண்ட திரை கட்டுங்கள். வெளியில் வைப்பதானால் கூரை வேண்டும். ஆகஸ்டு வெயிலில் உலோகம் சூடேறும், பிற்பகலில் இடிமழை வரலாம்; மாற்று அரங்கம் திறந்தே இருக்க வேண்டும்.

ரிங்குக்குள்ளேயே வைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அதுவே சரியான இடமும்கூட. அவர் ஆடிய இடம், மேலே அவர் காலத்துக் கொடிகள். பனி உறையவைத்திருந்தால் அதன்மேல் ரப்பர் விரிப்பும் அதற்கு மேல் கம்பளமும் போட்டு நடைவழி அமைக்க வேண்டும். ரிங்க் குளிரில் இரண்டு மணி நேரம் நின்ற வெள்ளியை 30 டிகிரி வெப்பமும் ஈரக் காற்றும் உள்ள வெளிமுற்றத்துக்கு எடுத்துவந்தால் நொடியில் முழுக்க நீர் பூக்கும். படமும் வராது, பிடியும் வழுக்கும். எனவே வெளியில் படம் வேண்டுமென்றால் முதலில் வெளியே, பிறகு உள்ளே. மாற்ற முடியாவிட்டால் இடையில் பெட்டிக்குள் வைத்துக் கால் மணி நேரம் விடச் சொல்லிக் காவலரிடம் கேளுங்கள். அவர் தன் துணியால் துடைப்பார். நீங்கள் சட்டை நுனியால் துடைக்கப் போகாதீர்கள். துணியில் ஒட்டிய மணல் வெள்ளியைக் கீறும்.

காவலர்களுக்குத் தேவையானது கொஞ்சம்தான். கதவருகே வண்டி நிறுத்த இடம், படியில்லாத வழி, பூட்டுப் போடும் அறை ஒன்று, நேரத்துக்குச் சாப்பாடு. கறுப்பு நிறப் பெட்டி பெரிது. லிஃப்டில் ஏறுமா என்று முந்தைய நாளே பாருங்கள். இது தவிர வளாகக் காவல்துறைக்கு முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும்.

தொடுவது பற்றிக் கேட்பார்கள். யாரும் தொடலாம், கட்டிப்பிடிக்கலாம், முத்தமிடலாம். கைக்குழந்தையைக் கிண்ணத்தில் உட்காரவைத்துப் படம் எடுப்பதும் உண்டு, காவலர் சம்மதித்தால். தலைக்கு மேல் தூக்குவது மட்டும் வென்றவர்களின் உரிமை. எழுதாத சட்டம் என்றாலும் மீறினால் அரங்கமே முகம் சுளிக்கும். ஒருநாள் தாங்களும் வெல்ல வேண்டும் என்று ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர்கள் தொடவே மாட்டார்கள். தொட்டால் கிடைக்காது என்பது நம்பிக்கை. உங்கள் கல்லூரியின் இப்போதைய அணி படத்துக்கு வரும்போது கோப்பையைச் சுற்றி இரண்டு அடி இடைவெளி விட்டு நிற்பார்கள். "இன்னும் கிட்ட வாங்க, கை வையுங்க" என்று புகைப்படக்காரர் வற்புறுத்தாதபடி முன்பே சொல்லிவையுங்கள். சிறுவர் அணிகளிலும் சில பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். விட்டுவிடுங்கள்.

இப்போதைய அணி, பழைய அணித் தோழர்கள், உபகரணங்களைப் பார்த்துக்கொண்ட ஊழியர்கள், பயிற்சியாளர்கள் ஆகியோருக்குப் பொதுக் கதவு திறப்பதற்கு முன் அரை மணி நேரம் வைத்தால் நன்றாக இருக்கும். ஆட்டக்காரர் உண்மையில் யாரைப் பார்க்க வருகிறாரோ அவர்கள் இவர்கள்தான். கூட்டம் வந்தபின் அவர்களோடு ஒரு வார்த்தை பேசக்கூட முடியாது. வரிசைக்குப் பொறுப்பானவர்கள் இந்த அரை மணி நேரத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள், நீங்கள் விடாதீர்கள். கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கும் வழக்கம் இரவு விருந்துக்கு உரியது. வளாகத்தில் மதுவுக்குத் தனி விதி உண்டு. பகல் நிகழ்ச்சியில் வேண்டாம்.

கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளி மெத்தென்ற உலோகம், விழுந்தால் நசுங்கும். 2021இல் டாம்பாவின் படகு ஊர்வலத்துக்குப் பின் நசுங்கி மான்ட்ரியலுக்குச் சரிசெய்யப் போனது. 2022இல் கொலராடோ ஆட்டக்காரர் அணிப் படத்துக்காகத் தூக்கிக்கொண்டு வரும்போதே பனியில் தடுக்கி விழுந்து அடிப்பாகம் நசுங்கியது. 2025இல் ஃபுளோரிடா வென்ற மறுநாளே கிண்ணத்தில் விரிசலும் அடியில் நசுங்கலும் இருந்தன. வளாகத்தில் ஆபத்தான இடம் மேடைப் படிகள். ஆட்டக்காரர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வரும்போது தன் காலைப் பார்க்க முடியாது. படி இல்லாத சாய்தளம் வையுங்கள். வழியில் ஒலிபெருக்கிக் கம்பி எதுவும் குறுக்கே ஓடக் கூடாது. தூக்குகிறவர் ஒரு கை கிண்ணத்துக்குக் கீழே கழுத்திலும், மறு கை அடித்தட்டுக்குக் கீழும் கொடுப்பார். உதவி செய்கிறேன் என்று யாரும் கிண்ண விளிம்பைப் பிடிக்கக் கூடாது.

கோப்பை நேரத்துக்கு வராமல் போவதும் உண்டு. விமானத்தில் அது பெட்டியோடு சரக்கறையில்தான் வரும். 2004இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபோர்ட் செயின்ட் ஜானுக்குப் போக வேண்டிய கோப்பையை, எடை கூடுதல் என்று வான்கூவரிலேயே இறக்கிவிட்டார்கள். ஊரில் ஆட்கள் காத்திருக்க, இரவு முழுக்க அது விமான நிலையத்திலேயே இருந்தது. ஆகவே முதல் அரை மணி நேர நிகழ்ச்சி கோப்பை இல்லாமலும் நடக்கக்கூடியதாக இருக்கட்டும்: பயிற்சியாளரும் ஆட்டக்காரரும் உட்கார்ந்து பேசுவது, அவர் கல்லூரி ஆட்டங்களின் காட்சி, பிள்ளைகளின் கேள்விகள்.

பெண்கள் ஹாக்கியிலும் இது வளர்ந்துவருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024இல் தொடங்கிய பெண்கள் தொழில்முறை லீக்கான பிடபிள்யூஎச்எல்லின் கோப்பை வால்டர் கோப்பை. அதன் ஆட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் கல்லூரி அணிகளிலிருந்து வந்தவர்கள். முதல் பருவத்தின் இறுதி ஆட்டத்தை மினசோட்டா வென்றது லோவல் நகரின் சாங்கஸ் மையத்தில். அது மாசசூசெட்ஸ் லோவல் பல்கலைக்கழக அணியின் சொந்த ரிங்க். உங்கள் பல்கலைக்கழகத்தில் பெண்கள் அணி இருந்தால் இப்போது செய்யும் ஏற்பாட்டையெல்லாம் எழுதிவையுங்கள், அடுத்து அது தேவைப்படலாம்.

எந்த வேலையைக் கேட்டு வாங்குவது? கோப்பைக்குப் பக்கத்தில் நிற்கும் வேலைக்குத்தான் போட்டி இருக்கும், ஆனால் அங்கே காவலர் இருக்கிறார், உங்களுக்குச் செய்ய அதிகம் இல்லை. வரிசையின் முன்முனையில், படத்துக்கு அடுத்து நிற்கப்போகும் மூன்று குழுக்களைத் தயார் செய்யும் வேலையைக் கேளுங்கள். பைகளை ஓரமாக வைக்கச் சொல்வது, மோதிரமும் கைக்கடிகாரமும் வெள்ளியில் உரசாமல் பார்ப்பது, குழந்தையை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று சொல்லி அனுப்புவது எல்லாம் அங்கே நடக்கும். 12 விநாடியா 25 விநாடியா என்பதை முடிவு செய்வது அந்த இடம்தான். கூடவே இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு அரை மணிக்கு ஒருமுறை மாறி நில்லுங்கள். தண்ணீர் குடிக்கப் போகும்போது வரிசையின் கடைசிவரை நடந்து, கைப்பட்டை எண்ணையும் மிச்ச நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.